கடல் பார்க்கப் போன பெரியம்மா

ராமேசுவரத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போகாவிட்டாலும், போகவேண்டும் என்று மனத்துக்குள் நேர்ந்துகொண்டாவது இருப்பீர்கள். ஒரு கேள்வி. மண்டபம் தாண்டி, வண்டி பாம்பன் பாலத்தில் ஏறியதும் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஜன்னல் ஓரத்துக்கு அடித்துப் பிடித்து வந்து, "அடேயப்பா!" என்று ஒரு தரம் சொல்லி, ரயில் பாலத்தைச் செல்போனில் படம் எடுத்து, குழந்தை தலையை வெளியே நீட்டாமல் பிடித்துக்கொண்டீர்கள். அதற்குள் பாலம் முடிந்துவிட்டது. அப்படித்தானே?

நானும் நாலு தடவை அப்படித்தான் போய்வந்தேன். ராமேசுவரம் போகும்போது வலது கைப் பக்கம், தூரத்தில் பச்சையாக ஒரு திட்டுத் தெரியுமே, அதுதான் குருசடைத் தீவு என்றும், அது ஒரு தேசியப் பூங்காவின் வாசல் மாதிரி என்றும் ஐந்தாவது பிரயாணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பத்திரிகைக்காரி என்று பெயர், லட்சணம் இது!

பூங்கா என்றதும் ஊஞ்சலையும் வேர்க்கடலையையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கடலுக்குள் இருக்கிற பூங்கா. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கரையை ஒட்டினாற்போல் வரிசையாக 21 தீவுகள். அவற்றையும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 3,600-க்கு மேற்பட்ட வகைச் செடி கொடிகளும் பிராணிகளும் அதில் உண்டு என்பது கணக்கு. பவளப் பூச்சிகள் கட்டிய பாறைகள், கடற்புல் வயல்கள், அந்தப் புல்லை மேய்கிற கடற்பசு, ஆமைகள் எல்லாம் அதில் அடக்கம்.

ஒரு காலத்தில் இந்தப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்து, சுண்ணாம்புக் காளவாயில் போட்டு எரித்தார்கள். வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தோம், வெற்றிலைக்குத் தடவினோம். 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று அவற்றுக்குப் பெயர் மட்டும் மிச்சம். கரைக்கும் அலைக்கும் நடுவே நின்ற பாறையை எடுத்துவிட்டால், மண் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

சரி, இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதற்கு நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. என் பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

பெரியம்மாவுக்கு மடத்துக்குளம். பழனி கைக்கு எட்டுகிற தூரம். அமராவதி ஆறு காலுக்கு எட்டுகிற தூரம். கரும்புத் தோட்டமும் தென்னந்தோப்புமாகக் குளிர்ச்சியான ஊர். ஆனால் பெரியம்மா தோட்டத்தில் உட்கார்ந்தவள் அல்ல. விடிவதற்கு முன்னால் வந்து நிற்கும் கம்பெனி வேனில் ஏறி, இருபத்திரண்டு வருஷம் பனியன் கம்பெனிக்குப் போனவள். முதலில் கைமடி, பிறகு பிசிறு வெட்டுவது, கடைசியில் செக்கிங். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் அவள் கையைத் தாண்டிப் போயிருக்கும் என்று கேட்டால், "எண்ணுனா வேலை ஓடாது கண்ணு" என்பாள்.

போன தை மாதம், அவர்கள் தெருவிலுள்ள மகளிர் குழுப் பெண்கள் பதினாலு பேர் ஒரு வேன் பேசிக்கொண்டு தேவிபட்டினம், திருப்புல்லாணி, ராமேசுவரம் என்று கிளம்பினார்கள். நானும் லீவு போட்டுவிட்டு ஒட்டிக்கொண்டேன். ஒட்டிக்கொண்டவள் சும்மா இருந்திருக்கலாம். "தேவிபட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிப் பக்கம் போனால் காரங்காடு என்று ஓர் ஊர் வருகிறது. வனத்துறையும் மீனவ ஜனங்களும் சேர்ந்து, அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். அதையும் பார்த்துவிடலாமே" என்று ஓர் அபிப்பிராயம் சொன்னேன்.

"கோயிலுக்குப் போற எடத்துல பாரஸ்டுக்காரங்ககிட்ட நமக்கென்ன சோலி?" என்றாள் பெரியம்மா. வேனில் பதிமூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின.

ஆனால் டிரைவர் தம்பிக்குப் படகில் போக ஆசை. அப்புறம் என்ன? வேன் அவர் கையில் அல்லவா இருக்கிறது! போய்ச் சேர்ந்தோம்.

படகில் ஏறுவதற்கு முன்னால் மிதவைச் சட்டையை மாட்டச் சொன்னார்கள். புடவைமேல் அதை இறுக்கிக் கட்டியதும், "தம்பீ, இதென்னுங்க, தலகாணியக் கட்டி உக்காரச் சொல்றீங்க?" என்று கேட்டாள் பெரியம்மா. படகுக்காரப் பையன் சிரித்துவிட்டான். பயம் பாதி அங்கேயே போய்விட்டது.

காட்டுக்குள் நுழைந்த பிறகு யாரும் அதிகம் பேசவில்லை. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீரில் மரங்கள். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் குச்சி குச்சியாக வேர்கள் மேல்நோக்கி நின்றன. எங்களோடு வந்த வனத்துறைக்காரர் நல்ல மனிதர். சீருடை போட்டிருந்தாரே ஒழிய, அதிகாரம் போட்டிருக்கவில்லை. "இந்த மண்ணிலே காத்து கிடையாதும்மா. வேரு மூச்சு விடணும்னா வெளியே தலையை நீட்டித்தான் ஆகணும். அதனாலே மூச்சு வேருன்னு பேரு. மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கிற வீடு இதுதான். இந்தக் காடு போனா, எங்க வலையிலே மீனு கிடையாது" என்றார். சமையற்கட்டையும் பிரசவ அறையையும் ஒன்றாகக் கட்டின வீடு என்று நான் மனத்துக்குள் எழுதிக்கொண்டேன்.

படகு ஒரு திருப்பத்தில் நின்றது. ஒரு மரத்தின் வேர்களில் என்னவோ சுற்றிக்கொண்டிருந்தது. பையன் குனிந்து அதை அறுத்து எடுத்தான். துணி. இல்லை, முன்னொரு காலத்தில் துணி. பருத்தி உளுத்துப் போயிருந்தது. தையல் நூல் மட்டும், வலை மாதிரி, மீன் முள் மாதிரி அப்படியே நின்றது.

பெரியம்மா கையை நீட்டி அதை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். விரலால் நீவினாள். செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருக்கும் முகம் அவளுக்கு வந்துவிட்டது.

"ஓவர்லாக்கு. ஆம்பளைங்க பனியன். இது நம்மூர்ப் பீசு கண்ணு" என்றாள்.

எந்த ஊர் கம்பெனியோ, யார் போட்டுக் கழித்ததோ, யாருக்குத் தெரியும்? ஆனால் அவள் வேறு எதையும் கேட்கத் தயாராக இல்லை. "பருத்தி மக்கிப் போச்சு. நூலு பாலியெஸ்டரு. அது மக்காது" என்று மட்டும் சொன்னாள். வனத்துறைக்காரர், "இதிலேதாம்மா ஆமை கழுத்து மாட்டும். நாரைக்குக் காலு மாட்டும். ஆமைக்கு மூச்சு விட மேலே வந்தாகணும், வர முடியலைன்னா கடலுக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும்" என்றார்.

பெரியம்மா அந்தத் தையல் நூலைச் சுருட்டித் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ராமேசுவரம். அக்கினி தீர்த்தத்தில் நல்ல கூட்டம். கடலில் முழுகிவிட்டு, ஈரத் துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களும் ஆடவேண்டும். முழுகுகிறவர்களில் பலர் பழைய துணியைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். விட்டால் பீடை கழியும் என்று ஒரு நம்பிக்கை. காலில் என்னவோ வழுவழுவென்று தட்டுகிறதே, பாசியோ என்று நினைத்தேன். புடவை.

எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மாள். பெயர் வேண்டாம். புருஷன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய வேட்டியைக் கடலில் விடவேண்டும் என்று யாரோ பெரியவர்கள் சொல்லி, மஞ்சள் பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஊரிலிருந்து அந்தப் பையை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

இடுப்பளவு தண்ணீரில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். பெரியம்மா பக்கத்தில் போய் நின்றாள். எனக்குப் பகீரென்றது. இந்த நேரத்தில் போய் ஆமைக் கதையை ஆரம்பித்துவிடப் போகிறாளே! நம்பிக்கை என்பது நொந்த மனசு ஊன்றி நிற்கிற கோல்; அதைத் தட்டிவிடுவதற்கு நாம் யார்?

பெரியம்மா ஆமையைப் பற்றிப் பேசவில்லை. "அவரு துணியக் கண்டவங்க காலுல மிதிபட உட்டுட்டு வாரதுக்கு மனசு வருதா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த அம்மாள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு வேட்டியை மூன்று தரம் கடலில் முழுக்கி எடுத்தார். ஒரு முனையைப் பெரியம்மாவிடம் நீட்டினார். எட்டு முழ வேட்டியை ஒருத்தியாகப் பிழிய முடியாது, உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிப் பிழிந்தார்கள். அப்போதுதான் அந்த அம்மாள் அழுதார். வருஷம் பூராவும் அழாததைச் சேர்த்து அழுதார் என்று பிறகு பெரியம்மா சொன்னாள்.

அந்த வேட்டி இப்போது மடத்துக்குளத்தில் அவர் பேரனுக்குத் தூளி.

திரும்பும்போது பாம்பனில் டீக்கு நிறுத்தினோம். டீக்கடைக்காரர் ஒரு சமாசாரம் சொன்னார். பாலத்துக்கு வடக்கே பாக் ஜலசந்திப் பக்கம் அலை குறைவு. அதைப் பெண் கடல் என்பார்களாம். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடலாம். "கத்தறதெல்லாம் ஆம்பளையாக்கும்?" என்று கேட்டாள் பெரியம்மா. வேனில் பதிமூன்று பெண்களும் சிரித்த சிரிப்பில் டிரைவர் தம்பி டீயைக் கொட்டிக்கொண்டார்.

அந்த ஆண் கடலுக்குள் இறங்குகிறவர்கள் பெண்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? பாம்பன் சின்னப்பாலம் போன்ற கரையோர ஊர்களில், தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். புடவைமேல் சட்டை போட்டுக்கொண்டு, பாறை வெட்டாமல் இருக்க விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முழுகுகிறார்கள். அந்தப் பாசி வடித்து வருவதுதான் அகர் அகர். உங்கள் வீட்டு ஜெல்லியும் சைனா கிராஸும் அதிலிருந்துதான் உறைகின்றன.

பூங்கா என்று அறிவித்ததும், அவர்கள் பாட்டியும் பூட்டியும் போன தீவுகளுக்கு அவர்கள் போகக்கூடாது என்று ஆகிவிட்டது. எத்தனையோ மனக்கசப்பு, வழக்கு, கெஞ்சல். கடைசியில் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போவது, மீதி நாள் கடல் வளரட்டும் என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அந்தப் பெண்களுக்காகப் பேசிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவிலுள்ள ஸீகாலஜி என்ற அமைப்பு விருது கொடுத்தது. காடும் கடலும் காப்பாற்றப்படவேண்டும், வாஸ்தவம். ஆனால் நாம் பார்க்கப் போகிற இடம் இன்னொருத்திக்கு அடுப்பு எரிகிற இடம் என்பதை மறந்துவிட்டு, கரையில் நின்று "ஆஹா!" என்று சொல்லி வருவது அழகல்ல. போகிறபோது அவர்கள் ஊர்ப் படகில் ஏறுங்கள். அவர்கள் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். நாம் கொடுக்கிற பணம் அந்த ஊரிலேயே தங்கட்டும்.

விரலில் துணி சுற்றுகிற விஷயத்தைச் சொன்னபோது, "அடுத்த தடவை ஒரு மூட்டை கட்டிங் வேஸ்டு கொண்டாரேன். நல்ல காட்டன் துணியாப் பாத்து" என்றாள் பெரியம்மா. சொன்னால் செய்வாள்.

இந்த மாதிரி வனத்துறைக்காரர் கூட்டிப்போய் விளக்கிச் சொல்வது நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்கென்றே 1916-ல் தனி இலாகா ஏற்படுத்தினார்கள். அங்கே தட்டைத் தொப்பி போட்ட ரேஞ்சர்கள் கடலோரத்தில் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். டெக்ஸாஸ் மாகாணத்துப் பாட்ரே தீவில், வெயில் காலத்தில், பொழுது விடிகிற வேளைக்கு ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் காத்திருப்பார்களாம். குழந்தைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்து, அதிலுள்ள வேலைகளைச் செய்து முடித்தால் குட்டி ரேஞ்சர் என்று பதக்கம் குத்துவதும் அங்கே வழக்கம்.

நம் நாட்டிலும் இடங்கள் இல்லாமல் இல்லை. குஜராத்தில் ஜாம்நகரை ஒட்டிய கடல் தேசியப் பூங்கா 1982-ல் அறிவிக்கப்பட்டது; இந்தியாவில் அதுதான் முதல். அங்கே நராரா என்ற இடத்தில் கடல் வற்றும் நேரம் பார்த்து வழிகாட்டியோடு கடலுக்குள் நடந்தே போகலாம். அந்தமானில் வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குப் படகு போகிறது. படகில் ஏறுமுன் பிளாஸ்டிக்கைச் சோதித்து எடுத்துக்கொள்வார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த இளைஞர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து, அந்த முட்டைகளை எடுத்துப் பத்திரமான பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். வெள்ளி, சனி இரவுகளில் பொதுஜனங்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை நீங்கள் படித்திருப்பீர்கள். இழுவலையில் அகப்பட்டு மூச்சு முட்டிப் போனவை அவற்றில் ஏராளம். அதைப் படித்துவிட்டு "ஐயோ பாவம்" என்று பக்கத்தைத் திருப்புவதற்கும், ஒரு ராத்திரி அந்த மணலில் நடந்து பார்ப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம் உண்டு.

போக நினைக்கிறவர்களுக்கு, அனுபவப்பட்டவள் என்ற முறையில் சில வார்த்தைகள்:

எந்தத் தீவுக்கும் நாமாகப் படகு பேசிக்கொண்டு போகக்கூடாது. சட்டம் இடம் தராது. ராமநாதபுரத்தில் மன்னார் வளைகுடாப் பூங்காவின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. எங்கே எந்தப் படகு போகிறது, அன்றைக்குக் கடல் எப்படி என்று முன்னதாகவே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடக்குக் கடல் பொல்லாதது. ஆனி, ஆடியில் தெற்குக் கடல் பொல்லாதது. தை முதல் பங்குனி வரை இரண்டும் ஓரளவு சாதுவாக இருக்கும்.

புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டுங்கள்; பெரியம்மாவும் அப்படித்தான் போனாள். நுனியை இழுத்துச் செருகிக்கொண்டால் போதும். மிதவைச் சட்டையை மட்டும், "எனக்கெதுக்கு" என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். குடிதண்ணீரைத் தூக்கில் கொண்டுபோங்கள். கட்டுச் சோற்றை வாழை இலையில் கட்டுங்கள். அது நமக்குத் தெரியாத வித்தையா?

பவளப் பூவைத் தொடாதீர்கள். அது கல் அல்ல, உயிர். 2001 முதல் அதற்குப் புலிக்குள்ள அதே பாதுகாப்பைச் சட்டம் கொடுத்திருக்கிறது. "கொலு மேடைக்கு நன்றாக இருக்குமே" என்று யாராவது கையில் வைத்து நீட்டினாலும் வாங்காதீர்கள். வாங்குகிற கை இருப்பதால்தான் வெட்டுகிற கை இருக்கிறது.

கூட வருகிற வனத்துறைக்காரரிடம் கேள்வி கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் அவருக்கும் சொல்ல உற்சாகம் வரும். எங்கள் பதினாலு பேரும் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பெரியம்மா தன் பையிலிருந்து பனங்கற்கண்டு எடுத்துக் கொடுத்தாள்.

சென்ற வாரம் மடத்துக்குளம் போயிருந்தேன். பெரியம்மா வீட்டுச் சாமி அலமாரியில், ராமேசுவரத்து விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் சுருட்டு இருந்தது. "இதை ஏன் இங்கே வைத்திருக்கிறாய், பெரியம்மா?" என்று கேட்டேன்.

"இருவத்திரெண்டு வருசம் பிசிறு வெட்டுனன். வெட்டுன பிசிறு எங்க போவுதுன்னு ஒருநாளும் நெனச்சதில்ல. நெனப்பு இருக்கட்டும்னுதான்" என்றாள்.

பிறகு, காப்பியை ஆற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "ஏங்கண்ணு, அந்த மெட்ராசு ஆமை நடை... ராத்திரி பூராவும் நடக்கோணுமா?"

"ஏழு கிலோமீட்டர் போல நடக்கவேண்டியிருக்கும், பெரியம்மா."

"பழனிக்கு நடக்கறவளுக்கு இதெல்லாம் ஒரு தூரமா?" என்றாள்.

வருகிற மாசியில் அவள் சென்னைக்கு வருகிறாள். உங்களில் யாராவது அந்த மணலில் நடக்க வந்தால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போகிற கிழவியைப் பாருங்கள். அதுதான் என் பெரியம்மா.